சாயும் அறைக்கு ஒரு மேசை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போனவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும், கையிலிருக்கும் பாதி காலியான தண்ணீர் பாட்டிலில் நீர்மட்டம் சாய்கிறது. பாட்டிலை நேராகத்தான் பிடித்திருக்கிறோம். பேருந்தின் தரையும் பெரிதாகச் சாயவில்லை. ஆனாலும் தண்ணீர் வளைவின் வெளிப்பக்கம் ஏறி நிற்கிறது. அடுத்த வளைவில் எதிர்ப்பக்கம். மேலே போய்ச் சேர்வதற்குள் இப்படி 20 வளைவுகள். "தண்ணி ஏன் மேல ஏறுது?" என்று குழந்தை கேட்கும். "ஜன்னல் வழியா வெளிய பாரு, வாந்தி வராது" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கிற பதில்.

அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடினால், ஏற்காட்டுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாததுபோல் தெரியும் ஒரு தச்சு வேலையைத் தொடங்கிவிடலாம்: கடலோடும் பாய்மரப் படகின் உள்ளறைக்கு மடிப்பு மேசை செய்வது. ஏற்காடு ஏரியில் ஓடுபவை மிதிபடகு, துடுப்புப் படகு போன்றவை. பாய்மரத்துக்கு அங்கே வேலையில்லை. இருந்தாலும், அந்த மேசைக்கு வரக்கூடிய தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த மலைப்பாதையிலும் சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களிலுமே கண்ணில் படுகின்றன.

தண்ணீருக்குத் தெரிந்த கீழ்த்திசை

பேருந்து திரும்பும்போது பாட்டிலில் இருக்கும் தண்ணீர் நேராகவே போகப் பார்க்கிறது. அதை வளைவுக்குள் திருப்ப, வெளிப்பக்கச் சுவர் அதைத் தள்ள வேண்டும். அந்தத் தள்ளலுக்கு ஈடாகத்தான் தண்ணீர் அந்தச் சுவரோரம் உயர்ந்து நிற்கிறது. பேருந்துக்குள் இருப்பவருக்கு, பூமி கீழே இழுப்பதோடு யாரோ பக்கவாட்டிலும் இழுப்பதுபோல் இருக்கும். இரண்டு இழுப்பும் சேர்ந்து ஒரு சரிந்த 'கீழ்' உருவாகிறது. இதை 'உணர்கீழ்' என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் எப்போதும் உணர்கீழுக்குத்தான் மட்டமாக நிற்கும்.

எவ்வளவு சரிவு? பேருந்து 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புவதாகக் கொள்வோம். அப்போது பக்கவாட்டு இழுப்பு ஒவ்வொரு பொருளின் எடையிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. உணர்கீழ் 17 டிகிரி சாய்ந்துவிடும். வேகத்தை இரட்டித்தால் பக்கவாட்டு இழுப்பு நான்கு மடங்காகும். ஓட்டுநர்கள் வளைவுக்கு முன்பே கியரைக் குறைப்பது இதனால்தான்.

இப்போது பாய்மரப் படகுக்கு வருவோம். பாயில் மோதும் காற்று படகை ஒரு பக்கம் சாய்க்கிறது. அடியில் இருக்கும் கனமான அடிக்கட்டை அதை நிமிர்த்தப் பார்க்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் படகு சாய்ந்தபடியே ஓடும். எதிர்க்காற்றில் போகையில் 15 முதல் 25 டிகிரி சாய்வு சாதாரணம். பேருந்தில் தரை மட்டமாக இருக்க, உணர்கீழ் சாய்ந்தது. படகில் கீழ்த்திசை அப்படியே இருக்க, தரை சாய்கிறது. மேசைமேல் இருக்கும் டம்ளருக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே ஒரு வேறுபாடு: கொண்டை ஊசி வளைவு ஆறு விநாடியில் முடிந்துவிடும். படகின் சாய்வு நாள்கணக்கில் நீளலாம்.

நாள்கணக்கு என்பது மிகையில்லை. இந்தியக் கடற்படையின் 'தாரிணி' 17 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு, கோவாவில் கட்டப்பட்டது. 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து அதில் இரண்டே பேர் கிளம்பினார்கள்: கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. உலகைச் சுற்றி 2025 மே மாதக் கடைசியில் திரும்பினார்கள். கடந்த தொலைவு 25,000 கடல் மைலுக்கு மேல். கடலில் இருந்த நாளெல்லாம் சமைப்பதும் சாப்பிடுவதும் தூங்குவதும் நிலையில்லாத ஓர் அறைக்குள்தான். அப்படிப்பட்ட அறையில் மேசை என்ன பாடுபடும் என்று பார்ப்போம்.

வழுக்குமா, கவிழுமா?

சாயும் மேசைமேல் இருக்கும் பாத்திரத்துக்கு இரண்டு விதமான விபத்து காத்திருக்கிறது: வழுக்குவது, கவிழ்வது. எது முதலில் நடக்கும் என்பதைப் பொறுத்தே மேசையின் வடிவம் அமையும்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள, மெருகிட்ட பலகையின் ஒரு முனையில் எவர்சில்வர் டம்ளரை வைத்து, அந்த முனையை மெல்ல உயர்த்துங்கள். ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயர்ந்ததும் டம்ளர் நழுவத் தொடங்கும். பலகை, மெருகு, ஈரம் இவற்றைப் பொறுத்து கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். ஒரு மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் என்பது சுமார் 17 டிகிரி. நம் கொண்டை ஊசி வளைவின் அதே அளவு, படகின் அன்றாடச் சாய்வு.

கவிழ்வதற்கு இன்னும் அதிகம் சாய வேண்டும். பாத்திரத்தின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்ததாகக் கொள்ளலாம். அது எடை மையம். அந்த மையத்திலிருந்து நேர் கீழே இழுத்த கோடு அடிவட்டத்துக்கு வெளியே போனால்தான் டம்ளர் கவிழும். அடிவட்டம் 6 சென்டிமீட்டர், எடை மையம் 5 சென்டிமீட்டர் உயரத்தில் என்றால், கவிழ 31 டிகிரி வேண்டும். ஆக முதலில் வழுக்கும். வழுக்கிப் போய் எதிலாவது இடித்துக் கவிழும். டபராவில் வைத்த டம்ளர் இந்த விஷயத்தில் கெட்டிக்காரன்: அடி அகலமாகிவிடுகிறது, சிந்தியதும் உள்ளேயே தங்கிவிடுகிறது. கடலோடிகள் யாரும் டபராவைக் கண்டுபிடிக்காமல் போனது ஆச்சரியம்தான்.

வழுக்காமல் இருக்கச் செலவில்லாத ஒரு வழி உண்டு. பழைய பயணிகள் கப்பல்களில் கடல் கொந்தளித்தால் மேசை விரிப்பைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிடுவார்கள். ஈரத்துணி உராய்வைக் கூட்டித் தட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். இன்றைய படகுகளில் ரப்பர் விரிப்பு அதே வேலையைச் செய்கிறது. சிந்துவதை மட்டும் விரிப்பால் தடுக்க முடியாது. 17 டிகிரி சாய்வில் 7 சென்டிமீட்டர் வாயுள்ள டம்ளரின் ஒரு ஓரத்தில் காபி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏறும். நம் ஊர் வழக்கப்படி விளிம்புவரை நுரை பொங்க ஊற்றினால் பாதி மேசைக்குத்தான்.

வரப்பு

உராய்வு கைவிடும் இடத்தில் தடுப்பு வேண்டும். படகு மேசைகளின் ஓரம் முழுக்க எழும்பி நிற்கும் மரச்சட்டம் ஒன்று இருக்கும். அதற்கு 'வரப்பு' என்ற பெயர் பொருந்தும். அதை எவ்வளவு உயரமாக வைப்பது என்பதில் இழுபறி உண்டு.

வழுக்கி வரும் டம்ளர் தாழ்ந்த வரப்பில் மோதினால் அடிப்பாகம் நின்றுவிடும், மேற்பாகம் நிற்காது, தலைகுப்புற விழும். வரப்பு எடை மையத்தின் உயரத்தை நெருங்க நெருங்க இந்த ஆபத்து குறையும். 5 சென்டிமீட்டர் இருந்தால் டம்ளருக்கு நல்லது. ஆனால் அந்த உயரத்தில் முன்கையை வைத்துச் சாப்பிட முடியாது, எழுத முடியாது, கடல் வரைபடத்தை விரிக்க முடியாது. 2 முதல் 4 சென்டிமீட்டருக்குள் ஓர் உயரத்தில் சமரசம் செய்துகொள்வார்கள். கழற்றி மாட்டும் வரப்பும் உண்டு: துறைமுகத்தில் கழற்றி வைத்துவிட்டு, கடலில் ஆணிக்கம்பிகளால் துளையில் செருகிக்கொள்வது. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. கழற்றி வைத்த சாமான் தேவைப்படும் நேரத்தில் கைக்குக் கிடைப்பதில்லை. படகில் இன்னும் மோசம்.

மூலைகளில் மட்டும் வரப்பை வெட்டி இடைவெளி விடுவார்கள். பருக்கைகளைத் துடைத்துத் தள்ள வழி வேண்டுமே. இதை மறந்த மேசையைச் சுத்தம் செய்யும்போதுதான் அந்தச் சிறு வெட்டின் அருமை தெரியும்.

மேசையையே ஊசலாக்கினால்?

படகு சாய்ந்தால் சாயட்டும், மேசையை மட்டும் ஊஞ்சல்போல் தொங்கவிட்டால் அது எப்போதும் மட்டமாக நிற்குமே என்று யாருக்கும் தோன்றும். படகின் நீளவாக்கில் ஓர் அச்சு, அதில் மேசை, அடியில் ஈயக் கட்டி. இத்தகைய ஊசல் மேசைகள் உண்மையிலேயே உண்டு.

இந்த ஆசையை எல்லை தாண்டிக் கொண்டுபோனவர் ஹென்றி பெஸ்ஸெமர். எஃகு தயாரிப்பையே மாற்றிய அதே பெஸ்ஸெமர்தான். கப்பல் ஏறினாலே அவருக்குக் குமட்டும். ஆகவே ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் கப்பல் ஒன்றில் பயணிகளின் கூடம் முழுவதையும் அச்சில் தொங்கவிட்டு, ரசமட்டத்தைப் பார்த்தபடி ஓர் ஆள் நீரழுத்த இயந்திரத்தால் அதைச் சமன் செய்யும்படி அமைத்தார். 1875 மே மாதம் பயணிகளோடு போனபோது கூடத்தைப் பூட்டியே வைத்திருந்தார்கள். கப்பல் பிரான்சின் கலே துறைமுக மேடையில் மோதியது. திட்டம் அதோடு முடிந்தது.

நாம் மேசையோடு நிறுத்திக்கொண்டு கணக்குப் பார்ப்போம். பலகை 5 கிலோ. அச்சுக்கு மேலே 5 சென்டிமீட்டரில். தட்டும் சோறும் 6 கிலோ, 10 சென்டிமீட்டரில். எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் 85. இது மேசையைக் குப்புறக் கவிழ்க்கப் பார்க்கும் பலம். ஈயம் அச்சுக்குக் கீழே 45 சென்டிமீட்டரில் இருந்தால், 2 கிலோ ஈயம் இதற்கு ஈடு கொடுக்கும். பாதுகாப்புக்காக 6 கிலோ தொங்கவிடுவோம்: 270. கவிழ்க்கும் 85 போக மிச்சம் 185. மேசை கம்பீரமாக மட்டமாக நிற்கும்.

சாப்பிட வந்தவர் அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி முழங்கையை ஊன்றுகிறார். 10 கிலோ அழுத்தம் என்றாலும் 300. நம்மிடம் இருப்பதோ 185. மேசை ஏறக்குறைய 60 டிகிரி சாய்ந்த பிறகே நிற்கும். அதற்குள் சாம்பார் எதிரில் இருப்பவர் மடியில். இந்த முழங்கைக்கு மேசை 10 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது என்றால் 40 கிலோ ஈயம் வேண்டும். சின்னப் படகில் அதைச் சுமப்பது வீண்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எந்த ஊசலுக்கும் சொந்தமாக ஒரு தாளம் இருக்கிறது. படகின் ஆட்டமும் அதே தாளத்தில் அமைந்துவிட்டால், அலைக்கு அலை மேசையின் வீச்சு பெருகும். அதனால்தான் படகில் அடுப்பை ஊசலில் வைக்கிறார்கள், மேசையைப் பெரும்பாலும் வைப்பதில்லை. அடுப்பின்மேல் யாரும் முழங்கை ஊன்றுவதில்லை. என் தீர்ப்பும் இதுவே: சின்னப் படகுக்கு அசையாத மேசை, வரப்போடு.

கூடார மடிப்பும் படகு மடிப்பும்

அசையாத மேசை என்று முடிவு செய்தாலும், இடம் இல்லாததால் அது மடிந்தாக வேண்டும். மடிப்பு மேசை இந்தியாவுக்குப் புதிதில்லை. பல்லாவரத்தில் 1863-இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்குப் பின் குடியேறியது ஏற்காட்டில்தான். அவர் கல்லறையும் இங்கேதான். அவர் காலத்து அதிகாரிகள் மாதக்கணக்கில் கூடாரத்தில் தங்கி வேலை செய்தவர்கள். அவர்களுக்காகவே கழற்றிக் கட்டும் நாற்காலி, மடிக்கும் கட்டில், கால் மடங்கும் மேசை என்று ஒரு தச்சுக்கலையே வளர்ந்தது.

கூடார மேசை மடிவது வண்டியில் ஏற்றுவதற்காக. விரித்த பிறகு அது உறுதியான மண்ணில் நிற்கும். படகு மேசை எங்கும் போவதில்லை. ஆள் நடக்க வழிவிடுவதற்காக மடிகிறது. விரித்த பிறகும் அதன் தரை ஆடுகிறது. கூடார மேசையின் கால்கள் பிரிந்து நிற்பதற்கு அதன் எடையும் உராய்வுமே போதும். படகில் ஆடக்கூடியது எதுவோ அது கட்டாயம் ஆடும். தானாக மடங்கக்கூடிய முட்டு ஒருநாள் தானாகவே மடங்கும். தொங்கவிட்ட பலகை இரவு முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே விரித்த நிலைக்கு ஒரு பூட்டு, மடித்த நிலைக்கு ஒரு கொக்கி, இரண்டும் தேவை.

நம் படகு 9 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளறையில் எதிரெதிரே இரண்டு இருக்கைகள். நடுவே 65 சென்டிமீட்டர் இடைவெளி. அதன் மத்தியில் 18 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு நடுப்பெட்டி, உயரம் 70. பெட்டியின் இரு பக்கமும் கீல் வைத்து 35 சென்டிமீட்டர் அகலத்தில் தொங்கும் பலகைகள். இவற்றைச் 'சிறகு' என்போம். சிறகுகள் தொங்கும்போது இரு பக்கமும் 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வழி கிடைக்கும். பக்கவாட்டாக நடக்கலாம். விரித்தால் 88 சென்டிமீட்டர் அகலமான மேசை. 120 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு பேர் சாப்பிடலாம். பெட்டிக்குள் ஊறுகாய் பாட்டில்கள் வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் லாபம்.

எழுபது கிலோ விழும்போது

சாப்பாட்டு மேசையின்மேல் சாப்பாட்டு எடைதான் இருக்கும் என்று நினைத்துச் செய்த மேசை முதல் புயலிலேயே உடையும். படகு திடீரென்று குலுங்கும்போது நின்றுகொண்டிருப்பவர் விழுவார். விழும்போது கைக்கு எட்டுவது மேசையின் ஓரம். சிறகை வடிவமைக்க வேண்டியது அந்த 70 கிலோவுக்கு. இந்தக் கணக்கை நிதானமாகப் போடுவோம். கீழே 'கிலோ' என்று சொல்வதெல்லாம் அத்தனை கிலோ எடை தரும் அழுத்தம் என்று கொள்ளுங்கள்.

சிறகின் வெளி ஓரம் கீலிலிருந்து 35 சென்டிமீட்டர். பெட்டியிலிருந்து கதவுபோல் திறந்துவரும் முக்கோண முட்டு ஒன்று, கீலிலிருந்து 25 சென்டிமீட்டர் தூரத்தில் சிறகைத் தாங்குகிறது. ஓரத்தில் 70 கிலோ அழுத்தினால் முட்டு எவ்வளவு தாங்கும்? 70 என்றுதான் தோன்றும். நெம்புகோல் கணக்கில் 98 வருகிறது: 70-ஐ 35-ஆல் பெருக்கி 25-ஆல் வகுக்க வேண்டும்.

கூடுதல் 28 கிலோ எங்கிருந்து வந்தது? கீலிலிருந்து. முட்டைத் தாண்டி வெளியே அழுத்தும்போது சிறகின் உள் ஓரம் மேலே கிளம்பப் பார்க்கிறது. கீல் அதை 28 கிலோ பலத்தோடு கீழே பிடித்து இழுக்கிறது. சிறகு கீழே விழாமல் கீல் பிடிக்கிறது என்றுதான் பொதுவாக நினைப்போம். இங்கே சிறகு மேலே எழும்பாமல் பிடிப்பதே கீலின் வேலை. கீலைப் பலகையின் அடியில் திருகியிருந்தால், அந்தத் திருகாணிகளைப் பலகையிலிருந்து பிடுங்கும் திசையில் இந்த இழுப்பு வேலை செய்யும். மரத்தில் திருகாணி மிக எளிதில் தோற்பது அந்தத் திசையில்தான்.

முழங்காலில் இடிக்கிறது என்று முட்டை 15 சென்டிமீட்டருக்கு உள்ளே தள்ளினால் என்ன ஆகும்? முட்டின்மேல் 163 கிலோ, கீலின்மேல் 93. பத்தே சென்டிமீட்டர் தள்ளியதற்கு கீலின் சுமை மூன்று மடங்குக்கு மேல். அதுவும் எடையை மெதுவாக வைத்தால். திடீரென்று விட்ட எடை, உயரத்திலிருந்து விழாவிட்டாலும்கூட, ஏறக்குறைய இரு மடங்கு அழுத்தம் தரும். தடுமாறி விழும் மனிதன் அதற்கும் மேல். 93 என்பது 186 ஆகிவிட்டது. சிறு கீல் இரண்டு வைத்து ஒப்பேற்ற முடியாது. சிறகின் முழு நீளத்துக்கும் ஒரே நீளக் கீல், நிறையத் திருகாணிகளோடு. முட்டை 25-க்குக் குறையாமல் வையுங்கள். முழங்கால்கள் பழகிக்கொள்ளும்.

பலம் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. முட்டு பெட்டியைத் தள்ளுகிறது; பெட்டி தரையிலிருந்து பெயரப் பார்க்கிறது. ஓரத்தில் 70 கிலோ அழுத்தும்போது பெட்டி அந்தப் பக்கத்துக் கீழ் விளிம்பில் ஊன்றிக்கொண்டு திரும்ப முயலும். எதிர்ப்பக்கத்துப் போல்ட்டுகளில் 136 கிலோ இழுப்பு. திடீர் அழுத்தமானால் 272. தரைப்பலகையில் திருகிய மரத்திருகாணிகள் இதைத் தாங்குமென்று நம்பக்கூடாது. தரைக்குக் கீழே இருக்கும் குறுக்குச் சட்டம்வரை ஊடுருவும் போல்ட் வேண்டும்.

இதைவிடச் சுலபமான வழி பல படகுகளில் கண்ணெதிரே நிற்கிறது: பாய்மரமோ, மேல்தளத்தில் நிற்கும் பாய்மரத்தைக் கீழிருந்து தாங்கும் தூணோ உள்ளறையின் நடுவே இறங்குகிறது. பெட்டியை 60 சென்டிமீட்டர் உயரத்தில் அந்தத் தூணோடு பிணைத்துவிட்டால், 136 கிலோவைத் தாங்க வேண்டிய இடத்தில் 41 கிலோ போதும். பிடிமானம் கிடைக்கும் தூரம் 18-லிருந்து 60 ஆகிவிட்டதல்லவா? படகில் மேசையைத் தூணருகே பார்த்தால், அழகுக்காக அங்கே வைத்ததாக நினைக்க வேண்டாம்.

படகு தலைகீழாகவும் உருளலாம். 2018 செப்டம்பரில், உலகைத் தனியாகச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் இருந்த அபிலாஷ் டாமியின் 'துரியா' இந்தியப் பெருங்கடல் புயலில் உருண்டு பாய்மரம் ஒடிந்தது. முதுகில் பலத்த காயத்தோடு அவர் மீட்கப்பட்டார். அந்த நிலையில் கூரை தரையாகும். மேசை தன் எடை முழுவதோடும் போல்ட்டுகளில் தொங்கும். கழன்று வந்தால் அது கூடவே உருளும் ஆயுதம். மேலே போட்ட கணக்கை ஒழுங்காகச் செய்த மேசைக்குத் தன் எடையைத் தாங்குவது பெரிய காரியமில்லை.

ஏற்காட்டு மரம் உதவுமா?

சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களில் நிழலுக்காக வரிசையாக நிற்கும் சில்வர் ஓக் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். அடிப்பக்கம் வெள்ளி பூசிய, பெரணிபோல் பிரிந்த இலை, நேரான தண்டு, அதில் சுற்றி ஏறும் மிளகுக் கொடி. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்த மரம். பெயரில் ஓக் இருந்தாலும் ஓக் குடும்பத்தோடு உறவில்லை. ஆரவாட்டில் அறுத்தால் பலகையில் சரிகை பின்னியதுபோல் கோலம் தெரியும். தேக்கைவிடச் சற்று இலகு. 120 சென்டிமீட்டர் நீளமும் 35 அகலமும் 18 மில்லிமீட்டர் தடிமனுமுள்ள ஒரு சிறகு இதில் சுமார் நாலரை கிலோ வரும்.

மேசைக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் ஏற்காட்டுப் பழைய பங்களாக்களின் கதவுகள் ஏன் நிலையில் சிக்குகின்றன என்று யோசித்தால் தயக்கம் வரும். மரம் என்பது மெல்லிய குழாய்களின் கட்டு. ஈரம் ஏறும்போது குழாய்ச் சுவர்கள் தடிக்கின்றன; நீளம் அநேகமாக மாறுவதில்லை. ஆகவே பலகை நீளவாக்கில் அப்படியே இருந்து, அகலவாக்கில் மட்டும் ஊதும். சேலத்து வெயிலில் காய்ந்த பலகையை மாதக்கணக்கில் ஈரக்காற்றில் வைத்தால் அகலம் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை கூடலாம். 35 சென்டிமீட்டர் சிறகில் அது 4, 5 மில்லிமீட்டர். சிறகுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால், கடலுக்குப் போன சில மாதங்களில் மேசை விரியாது, விரிந்திருந்தால் மடங்காது.

இதற்குத் தீர்வு ஒட்டுப்பலகை. ஒவ்வொரு தாளையும் முந்தையதற்குக் குறுக்காக ஒட்டுவதால், ஒரு தாள் ஊதப் பார்க்கும் திசையில் அடுத்த தாளின் நீளம் நின்று தடுத்துவிடுகிறது. கடைகளில் '710' என்று கேட்டால் தருவது மரைன் பிளைவுட். அது இந்தியத் தர எண். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் தாள்கள் பிரியக்கூடாது என்பது அதற்கான சோதனை. இதில் 12 மில்லிமீட்டர் பலகையை எடுத்து, அடியில் இரண்டு குறுக்குச் சட்டம் ஒட்டினால் போதும். சில்வர் ஓக்கை மேல்முகமாக, மெல்லிய தாளாக ஒட்டிக்கொள்ளலாம். சரிகைக் கோலம் முழுதாகக் கிடைக்கும். ஈரத்திலும் கரையானிடமும் அந்த மரத்துக்குத் தாக்குப்பிடிக்கும் திறன் குறைவு என்பதால் ஓரங்களைத் திறந்து விடக்கூடாது. இடியும் ஈரமும் முதலில் வாங்கும் வரப்புக்குத் தேக்கே சரி.

உப்பு

கீலும் திருகாணியும் எவர்சில்வர்தானே, துருப்பிடிக்காதே என்று இருந்துவிட முடியாது. வீட்டுப் பாத்திரங்களுக்கான நல்ல ரகம் 304. உப்புக்காற்றில் அதன் பாதுகாப்புப் படலத்தில் ஊசிமுனைக் குழிகள் விழும். உள்ளே அரிப்பு தொடரும். 316 என்ற ரகத்தில் மாலிப்டினம் சேர்த்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். விலை கூடுதல். கீலுக்கு 316, திருகாணிக்கு 304 என்று மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் முன்பே பார்த்தபடி சுமையெல்லாம் திருகாணியில்தான் போய் இறங்குகிறது.

மேசை முடிந்ததும் படகில் ஏற்றுவதற்கு முன் பட்டறையிலேயே சோதித்துவிடுங்கள். பெட்டியைக் கனமான தரைச்சட்டத்தில் போல்ட் போட்டு, சிறகை விரித்து, அதன் வெளி ஓரத்தில் 20 லிட்டர் தண்ணீர் கேன்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிடுங்கள். மூன்று முழுக் கேனும் ஓர் அரைக் கேனும் சேர்ந்தால் 70 கிலோ. அதன்பின் அதே அளவு இன்னொரு முறை. ஏனென்றால் திடீர் அழுத்தம் இரு மடங்கு. ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, கேன்களை இறக்கி, கீலின் திருகாணிகளைக் கையால் தடவிப் பாருங்கள். ஒன்றாவது தலை தூக்கியிருந்தால் முட்டை வெளியே நகர்த்துங்கள்.